நரி முகத்தில் விழிக்கப் போனேன்: டெல்டாவில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன். பாபநாசம் பக்கம்

"காடே இல்லாத ஊர்ல என்னத்த மிருகம் பாக்கப் போற?" பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவதாக வந்தது.

சித்தப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மதகைத் திறந்து மூடுவது, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்ப்பது, உடைப்பு எடுத்தால் ஆள் திரட்டுவது, இதெல்லாம் லஸ்கர் வேலை. முறைத் தண்ணீர் விடும் காலத்தில் ராத்திரி முழுக்க டார்ச்சும் கம்புமாகக் கரையில் நடப்பார். அவரை விட்டால் இந்தப் பயணத்துக்கு வேறு ஆள் கிடையாது.

என் ஆசை சின்னதுதான். ஒரு நரியைப் பார்க்க வேண்டும், முடிந்தால் முகத்தை. பள்ளி விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம் குடமுருட்டிக் கரையிலிருந்து ஊளை கேட்கும். ஒன்று தொடங்கினால் நாலைந்து சேர்ந்துகொள்ளும். ஆச்சி உடனே வாசல் விளக்கைப் போடுவாள். கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தால் வருஷம் பிடிபடவில்லை. எதிர்பாராமல் பணமோ வேலையோ வந்தவனை 'நரி முகத்துல முழிச்சிருப்பான்' என்று சொல்கிற ஊர், இப்போதும் அப்படியேதான் சொல்கிறது. நரியைத்தான் காணோம்.

"அஞ்சு நாள் இருக்கு. பாப்போம்" என்றார் சித்தப்பா. நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றடியிலிருந்து கீச் கீச் என்று சத்தம். துவைக்கிற கல்லின் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு நகர்ந்து வந்தது. பாம்போ என்று காலைத் தூக்கிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மூஞ்சூறு. தாய் முன்னால், அதன் வால் பக்கத்தை ஒரு குட்டி கவ்வியிருக்க, அதன் பின்பக்கத்தை அடுத்தது கவ்வியிருக்க, அப்படி நாலு. தாய் நின்றால் ரயில் முழுக்க நிற்கிறது, திரும்பினால் முழுக்கத் திரும்புகிறது. கடைசிக் குட்டி மட்டும் கல்முனையில் ஒருமுறை தடுக்கி விழுந்தது. அப்போதும் வாயை விடவில்லை.

"தான் போகவே வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாத்தக் கட்டிக்கிட்டுப் போச்சாம்" என்று உள்ளே இருந்தபடியே பழமொழி சொன்னார் சித்தி. அதை எலி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எலி இல்லை. நெல்லைக் கொறிக்காது. கரப்பான், பூச்சி, புழு என்று வேட்டையாடிப் பிழைப்பது. கண் சரியாகத் தெரியாது, நீண்ட மூக்கும் காதும்தான் வழிகாட்டி. நாற்றம் கொஞ்சம் உண்டு, அதனால்தான் பூனைகூடப் பெரும்பாலும் கொன்றுவிட்டுத் தின்னாமல் போட்டுவிடுகிறது.

பாலூட்டி என்றவுடன் நமக்கு யானையும் புலியும்தான் ஞாபகம் வரும். இதுவரை பெயரிட்டு வைத்திருக்கும் பாலூட்டி இனங்கள் ஏறக்குறைய 6,500. அதில் 2,500க்கு மேல் கொறிக்கும் பிராணிகள், அதாவது எலி, அணில் வகையறா. 1,400க்கு மேல் வௌவால்கள். மூன்றாவது இடம் இந்த மூஞ்சூறு கூட்டத்துக்கு. கணக்குப்படி பார்த்தால் சித்தப்பா வீட்டுக் கொல்லையிலேயே பெரும்பான்மை இருக்கிறது. இதைச் சொன்னேன். "அப்ப பஸ் காச மிச்சம் பண்ணியிருக்கலாமே" என்றார்.

இரண்டாம் நாள், வெள்ளி. அணைக்கரை, மணல்மேடு

மாசிக் கடைசி. மேட்டூரை மூடி ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. கொள்ளிடம் பெரும்பாலும் மணல்தான், நடுநடுவே மடு மடுவாகத் தண்ணீர். 1836இல் கட்டிய கீழணைக்குக் கொஞ்சம் கிழக்கே, நாணல் மண்டிய ஒரு மடுவுக்கு விடிகாலையிலேயே சித்தப்பா கூட்டிப்போனார். தண்ணீரில் இறங்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலை இருக்கிற ஆறு இது.

அவர் முதலில் காட்டியது நீர்நாயை அல்ல, அதன் கழிவை. மணல் மேட்டில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு குவியல், பக்கத்திலேயே காய்ந்து வெளுத்துப்போன பழைய குவியல்கள். ஒரே குடும்பம் ஒரே இடத்தைக் கக்கூஸாக வைத்துக்கொள்ளும், அதுதான் அவற்றுக்கு எல்லைக்கல். குச்சியால் கிளறினார். முழுக்கச் செதில், முள், நண்டு ஓட்டுத் துண்டு. ஒரு செதிலை நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜிலேபி" என்றார். திலேப்பியாவுக்கு இங்கே அதுதான் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஆறு குளமெல்லாம் பரவிவிட்ட மீன். யாராவது அதைத் தின்று குறைத்தால் நல்லதுதானே.

ஏழு மணிக்குச் சற்று முன் நாணலுக்குள் சலசலப்பு. தட்டையான தலைகள், ஒன்று, இரண்டு, நாலு. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், மேலே தலையும் ஒரு கோடும்தான். பெரியது மூழ்கி எழுந்தபோது வாயில் மீன் வெள்ளியாகப் புரண்டது. இரண்டு முன்கால்களாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கரைவரை கேட்டது, முறுக்குக் கடிக்கிற மாதிரி. சின்னது ஒன்று பக்கத்தில் வந்து கத்திக் கத்திப் பங்கு கேட்டது. கிடைக்கவில்லை. சங்கப் பாட்டில் மருத நிலம் வந்தால் வாளை மீனைக் கவ்வும் நீர்நாயும் அடிக்கடி கூடவே வரும். வாளையின் இடத்தில் இப்போது ஜிலேபி, மற்றபடி காட்சி பெரிதாக மாறவில்லை.

வலை போட வந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினார். "வலைய கிழிச்சிரும்ங்க. போன வாரம் ஒரு பக்கம் ஃபுல்லா போச்சு." கொஞ்சம் கழித்து அவரே, "ஆனா அது எந்த மடுவுக்குப் போவுதோ அங்கதான் நாங்களும் வல போடுவோம். மீன் இல்லாத எடத்துக்கு அது வராது பாருங்க" என்றார். மணல் அள்ளிக் கரை சரிந்த இடங்களில் நீர்நாயும் இல்லை, மீனும் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

சாயங்காலம் மணல்மேட்டுப் பக்கம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். துப்பாக்கியோடு ஆட்கள் வந்துவிடுகிறார்களாம், மூட்டுவலிக்கு வௌவால் கறி நல்லது என்று ஒரு நம்பிக்கை. ஊர் நடுவே ஓர் ஆலமரம். இலையைவிட வௌவால் அதிகம். பகலிலும் ஓயாத சண்டை. அடுத்ததன் இடத்தில் தொங்குவது, அது கீச்சிடுவது, இறக்கையை விசிறி மாதிரி ஆட்டிக்கொள்வது. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ஒன்றின் நெஞ்சில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், எலி மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் டெல்டாவில் சில உண்டு, இது அதில் ஒன்று. பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவதோடு சரி.

இந்தப் பக்கம் இலுப்பை மரம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. இலுப்பைப்பட்டு என்று ஊரே இருக்கிறது. கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய்தான். இனிப்பான இலுப்பைப் பூவை ராத்திரியில் மொய்ப்பது இந்தப் பழந்தின்னி வௌவால்கள். பூவைத் தின்னும்போது மகரந்தம் மரம் விட்டு மரம் போகிறது. அப்புறம் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மரத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றால், அந்தச் சர்க்கரைக்கு நடவு ஆள் வௌவால். சின்ன வௌவால்களைப் போல ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டு வழி பார்க்கும் வித்தை இதற்குக் கிடையாது. பெரிய கண்ணும் மூக்கும்தான்.

இவ்வளவு வேலை செய்தும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலை எலி, சுண்டெலி, காக்கையோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற அட்டவணை. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பழைய அட்டவணை போனது. ஊர்க்காரர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. மரத்தடியில் முனீஸ்வரனை வைத்துவிட்டார்கள்.

இருட்டுகிற நேரத்தில் மரம் காலியானது. முதலில் பத்து, அப்புறம் வானம் முழுக்க. ஒரு சத்தமும் இல்லை. கொள்ளிடத்துப் பக்கம் போயின. மரத்தடியில் எச்சமும் நாற்றமும் நாங்களும் மட்டும்.

மூன்றாம் நாள், சனி. திருத்துறைப்பூண்டி

இன்று நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

அறுவடை முடிந்த வயல். நெல்தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் பூத்திருக்கின்றன. வழியில் உம்பளச்சேரி மாடுகள். குள்ளமான, உரமான சாதி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து அப்புறம்தான் சாம்பலாகும். சேற்றுழவுக்கென்றே அமைந்த மாடு. டிராக்டர் வந்தபின் அதற்கு வேலை போய்விட்டது.

எலி பிடிக்கும் பெரியவர் ஒருவரைச் சித்தப்பாவுக்குப் பழக்கம். வரப்போரம் உட்கார்ந்து கிட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியே பெயர், இங்கே வெறும் கிட்டி. வளைத்த மூங்கில் வில், இழுத்துக் கட்டிய கயிறு, நடுவே எலித்தலை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், உள்ளே பொரி. இரையை இழுத்தால் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். "விரல விட்டுப் பாரு தம்பி" என்றார். விட்டுப் பார்த்தேன். இதைத் தட்டச்சு செய்யும்போதும் அந்த விரலை மடக்க முடியவில்லை.

சாயங்காலம் வைத்தால் விடிகாலையில் எடுப்பார், எலிக்கு இவ்வளவு என்று கூலி. "கதிர் வந்துட்டா கிட்டிக்கு வராதுங்க. வயலே விருந்தா இருக்கும்போது பொரிய யார் சீந்துவா?" நட்ட முதல் நாற்பது நாளுக்குள் ஊரோடு சேர்ந்து வைத்தால்தான் பலன், ஒருத்தர் மட்டும் வைத்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும் என்றார்.

அப்புறம் ஒரு வளையை வெட்டிக் காட்டினார். வரப்பில் புதுமண் குவிந்த வாய், அதை எலியே உள்ளிருந்து அடைத்து வைத்திருந்தது. மண்வெட்டியால் பக்கவாட்டில் சீவச் சீவ, வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முட்டுச்சந்து. இன்னொன்று கைமுட்டி அகலத்தில் போய் ஓர் அறையில் முடிந்தது. உள்ளே நெற்கதிர்கள். வாரி இறைத்ததல்ல, அடுக்கியது. காம்பெல்லாம் ஒரே நீளத்தில், அரிவாளால் அறுத்தது போல் சாய்வாக வெட்டப்பட்டு. பெரியவர் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார், ஒரு மரக்காலுக்குக் குறையாது. பஞ்ச காலத்தில் இந்த நெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு, அவருடையதும் ஒன்று. சொல்லும்போது கையில் இருந்த கதிரை உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

வரப்பெலியைத் திட்டித் தீர்த்துவிடலாம்தான். ஆனால் ஆந்தை, கூகை, கீரி, காட்டுப்பூனை, சாரை, நரி எல்லாவற்றுக்கும் சோறு இந்த எலி. மூன்று வாரம் சுமந்து அரை டஜனுக்கு மேல் குட்டி போடுகிற பிராணியை மனிதன் மட்டும் தனியாகப் பிடித்து மாளாது. கிட்டி வைப்பவர்கள் குறைய, மருந்து வந்தது. மருந்து தின்று தள்ளாடுகிற எலியைத் தின்ற பிராணியும் சேர்ந்து சாகிறது. எலிக்கென்று வரப்பில் கரண்ட் கம்பி இழுத்து ஆளே செத்த செய்தியும் பேப்பரில் வருகிறது. கூலியாள் வேலை செய்கிறானே என்று சோற்றில் விஷம் வைப்போமா? நரி விஷயத்தில் அதைத்தான் செய்தோம் என்று எனக்குப் படுகிறது.

பொழுது சாயும்போது ஆட்டுக்கிடை. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து அறுவடைக்குப் பின் மந்தையோடு நடந்தே வருகிறவர்கள். கூட்டத்துக்குத் தலைவர் கீதாரி. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் கிடை போடுவார்கள். முந்நூறு ஆடுகள் தரிசில் நெருக்கமாகப் படுத்தால் புழுக்கையும் மூத்திரமும் அப்படியே மண்ணுக்கு. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பார்கள். பகலில் கரையிலும் தரிசிலும் மேய்ந்த புல் ராத்திரி வயலுக்கு உரமாக வந்து சேர்கிறது. லாரி வாடகை இல்லை.

குட்டிகளைப் பெரிய கூடைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நரிக்காகவா என்று கேட்டேன்.

"எங்கப்பா காலத்துல நரிக்குக் கவுத்தோம். இப்ப நாய்க்கு" என்றார் கீதாரி. "நரி ஒன்ன தூக்கிட்டுப் போயிரும். நாய் வந்தா பத்த கடிச்சுப் போட்டுட்டுப் போவுது, திங்கிறதும் இல்ல."

நரி கண்ணில் பட்டதா? போன வாரம் தலைஞாயிறு பக்கம் ஊளை கேட்டதாம், ஒரே ஒரு தடவை. மற்றொரு நரி பதில் கொடுக்கவில்லையாம்.

நான்காம் நாள், ஞாயிறு. மனோரா

சித்தப்பாவுக்கு முட்டிவலி, ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குப் படகு பிடிக்கப் போய், சொன்ன நேரத்துக்குப் படகு வராமல், இரண்டு மணி நேரம் கண்டா மர வேர்களை எண்ணிவிட்டு மனோராவுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கோபத்தை இங்கே கொட்டப்போவதில்லை.

மனோரா, நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததற்காக இரண்டாம் சரபோஜி 1814இல் கட்டத் தொடங்கிய அறுகோணக் கோபுரம். தஞ்சாவூர் ராஜாவுக்கு எதற்கு அந்தச் சந்தோஷம் என்று எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. அதற்கு எதிரே இருக்கும் ஆழமில்லாத கடலில் ஆவுளியா இருக்கிறது, கடல்பசு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பகமாக அரசு அறிவித்தது. பார்க்க முடியும் என்று நான் போகவே இல்லை. கரையில் நின்று அது இருக்கிற திசையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடல் தரையில் வளரும் கடல்புல்தான் அதன் சாப்பாடு, ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல். வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போனால் பின்னால் வாய்க்கால் வெட்டின மாதிரி தடம் விழும். அங்கே புதுப்புல் முளைக்கும், அதில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும். யானைக்குத் தூரத்துச் சொந்தம். பதின்மூன்று மாதம் சுமந்து ஒரு குட்டி, அடுத்ததற்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஆகும். பால்காம்பு கைமடிப்பில் இருப்பதால், குட்டியைக் கக்கத்தில் வைத்துப் பாலூட்டும். முன்பெல்லாம் வலையில் பட்டால் கறிதான் என்று வலைக்காரர் ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். இப்போது வலையை அறுத்து விடுகிறார்களாம். "பொம்பளப் புள்ள மாதிரி அழும்ங்க" என்றார்.

ஐந்தாம் நாள், திங்கள். கோடியக்கரை

வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, ஐந்தரை மணிக்கெல்லாம் ஆட்டோ. உப்பளங்களில் பாத்தி கட்டித் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள், இனிமேல்தான் உப்பு.

சரணாலயம் 1967இல் வந்தது, முக்கியமாக வெளிமானுக்காக. வெளிமான் என்ற பெயரே முகவரி: மரமில்லாத வெளியில் இருக்கும் மான். புள்ளிமான் பயந்தால் காட்டுக்குள் ஓடும், இது காட்டை விட்டு வெளியே ஓடும். திறந்த தரையில் தூரத்திலேயே எதிரியைப் பார்த்து, வேகத்தால் தப்பிக்கிற பிராணி. கறுத்த முதுகும் திருகுக் கொம்புமாக ஒரு ஆண் தனியாக நின்றது. அது நின்ற இடத்தில் புழுக்கைக் குவியல், தினமும் அங்கேயே வந்து போடும். நீர்நாயின் அதே ஏற்பாடு. பெண்மான்கள் கொம்பில்லாமல், மண் நிறத்தில், கொஞ்சம் தள்ளி மேய்ந்தன.

ஆனால் வெளி சுருங்கிக்கொண்டிருக்கிறது. சீமைக்கருவேலம் நாலா பக்கமும் ஏறி வருகிறது. அதற்கு விதை தூவுகிறவர்களில் இந்த மானும் ஒன்று. கோடையில் புல் காய்ந்ததும் கருவேல நெற்றைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். வயலுக்கு உரம் போட்ட அதே புழுக்கை இங்கே தன் வீட்டு வாசலில் தானே முள்வேலி நடுகிறது. போதாக்குறைக்கு மட்டக்குதிரைகள். எப்போதோ மனிதர் விட்டுப்போனவை, இப்போது யாருக்கும் சொந்தமில்லை. பார்க்க அழகு, பிடரி காற்றில் பறக்க நிற்கும்போது எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். மான் தின்ன வேண்டிய புல்லைத்தான் அவையும் தின்கின்றன. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் இங்கேதான் கரை ஏறியது. மான்களும் குதிரைகளும் செத்தன. ஒடிந்த பாலை மரங்கள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கின்றன.

ராமர் பாதத்துக்கு அந்தப் பக்கம், சேறும் தண்ணீருமாக விரிந்த தரை. மணி ஆறே முக்கால். தூரத்தில் நாய் ஒன்று சேற்றில் குனிந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தது. பைனாகுலரை எடுத்தேன். வால் தொங்கியிருந்தது, அடர்த்தியாக, நுனி கறுப்பாக. முதுகில் கறுப்பும் பழுப்பும் கலந்த முடி காற்றுக்குப் பிரிந்தது. முன்காலால் இரண்டு தோண்டு, மூக்கை நுழைத்து ஒரு இழுப்பு. நண்டு. பின்னால் துள்ளி விலகியது, நண்டு மூக்கைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. தலையை உதறியது, மறுபடி போனது. இந்தத் தடவை நறுக்கென்று முடித்துவிட்டது. அவ்வளவு நேரமும் எனக்கு முதுகுதான்.

"ஏய்" என்று மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. காது மட்டும் பின்னால் திரும்பியது, முகம் திரும்பவில்லை. ஒரே சீரான ஓட்டத்தில் கருவேலம் புதருக்குள் போய்விட்டது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மூஞ்சியக் காட்டுச்சா?"

"இல்ல சித்தப்பா, முதுகுதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப பாதிதான் பலிக்கும்" என்றார்.

வேதாரண்யத்தில் பஸ் ஏறினேன். கூட்டம், உட்கார இடமில்லை. கரியாப்பட்டினம் தாண்டியபின் ஒரு அம்மா இறங்கினார், சீட் கிடைத்தது. ஜன்னலோரம் இல்லை.